டயாலிசிஸும் சுண்ணாம்புக் கணக்கும்

சாதாரணமாக ஒரு மனிதர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பதினான்கு லிட்டர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளி தாகத்தை அடக்கிக்கொண்டு அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. ஆனால் அவருடைய இரத்தம் வாரத்துக்கு முந்நூற்று அறுபது லிட்டர் தண்ணீரோடு உறவாடுகிறது. மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்துக்கு மூன்று முறை. கணக்கு அவ்வளவுதான். இடையில் இருப்பது தலைமயிரைவிட மெல்லிய ஒரு ஜவ்வு.

இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி ஆனதற்குக் காரணம் என் மனைவி. இருபது வருடச் சர்க்கரை வியாதி அவளுடைய சிறுநீரகங்களை முடித்துவிட்டது. 2020ஆம் ஆண்டிலிருந்து டயாலிசிஸ் நடக்கிறது. நம் சங்கத்தில் எனக்குத் தெரிந்து இன்னும் மூன்று வீடுகளில் இதே கதை. விழாக்களில் மற்றவர்கள் மகளுக்கு வரனும் மகனுக்கு விசாவும் விசாரிக்கும்போது நாங்கள் ஒரு மூலையில் நின்று "பாஸ்பரஸ் எவ்வளவு, பி.டி.எச். எவ்வளவு" என்று விசாரித்துக்கொள்கிறோம். கிரியாட்டினினும் யூரியாவும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கால்சியம், பாஸ்பரஸ் விஷயம்தான் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

நான் மருத்துவன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து 1980இல் ரயில்வேயில் சேர்ந்து, 2019இல் ஓய்வு பெற்றவன். இதில் மருந்துச் சீட்டு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்போடு எனக்கு நாற்பது வருடப் பகை உண்டு.

நான் சேர்ந்தபோது சௌராஷ்டிரப் பக்கம் மீட்டர் கேஜில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஷெட்டில் சார்ஜ்மேன் வேலை. அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. புதிதாகக் கல்யாணமாகி வந்த என் மனைவி முதல் வாரமே "இந்த ஊரில் எப்படிங்க சாம்பார் வைப்பது?" என்று கேட்டாள். அதே தண்ணீர்தான் பாய்லருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதிலிருந்த சுண்ணாம்பு போகாது. குழாய்களின் வெளிப்பக்கம் முதலில் முட்டை ஓடு போலப் படியும், பிறகு ஓட்டாஞ்சில்லு கனத்துக்கு ஏறிவிடும். படிவு ஏறினால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்பு வெந்து பழுதாகும். ஆகவே தண்ணீரில் சோடா உப்புப் போடுவோம். குறித்த நாளில் பாய்லரை ஆறவைத்து, பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமாகத் தண்ணீர் அடித்துச் சுரண்டி எடுப்போம். வாஷ் அவுட் என்று பெயர். பிற்பாடு டீசல் ஷெட்டுக்கு வந்தபோது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்காக ரெசின் நிரப்பிய உருளைகள் இருந்தன. உப்பெல்லாம் நீங்கிய தண்ணீர் வருகிறதா என்று காட்ட ஒரு மீட்டர். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்த முள்ளைப் பார்ப்பேன், அப்புறம்தான் டீ.

டயாலிசிஸ் சென்டரில் காத்திருந்த முதல் வாரத்தில் பின்பக்க அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால் மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, ரெசின் உருளை, பக்கத்தில் உப்புத் தொட்டி, அப்புறம் ஆர்.ஓ. குழாய்கள், கடைசியில் ஒரு மீட்டர். என் பழைய ஷெட்டையே சின்னதாகச் செய்து வைத்தது போலிருந்தது. அன்றிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன்.

செயற்கைச் சிறுநீரகத்தை முதலில் செய்தவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். 1943, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்து, கம்பென் என்ற சிறிய ஊர். எந்தப் பொருளும் கிடைக்காத காலம். இறைச்சிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் செல்லோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, உப்புக் கரைசல் நிரம்பிய தொட்டியில் அதைச் சுழலவிட்டார். ஃபோர்டு காரின் தண்ணீர் பம்பில் இருந்த இணைப்பைப் பார்த்துத்தான் இரத்தம் கசியாமல் உருளையைச் சுழற்றும் யோசனை வந்ததாம். படிக்கும்போது அந்த மனிதரை எங்கள் ஷெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதல் நோயாளிகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை; 1945இல்தான் ஒரு மூதாட்டி பிழைத்து எழுந்தார். 1960இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் கையில் டெஃப்லான் குழாயை நிரந்தரமாகப் பொருத்தி, ஒரே நோயாளிக்கு வாரா வாரம் டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். சிறுநீரகம் செத்த பின்னும் மனிதர் வருடக்கணக்கில் வாழலாம் என்றானது அப்போதுதான். வருடக்கணக்கில் வாழ்ந்தால்தானே புதுப் புதுத் தொல்லைகளும் தெரியவரும்?

முதல் தொல்லை தண்ணீரிலிருந்தே வந்தது. 1967இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளுக்குக் குமட்டல், வாந்தி, தாங்க முடியாத அசதி, இரத்த அழுத்தம் ஏறுதல். தேடிப் பார்த்தால் தண்ணீரை மிருதுவாக்கும் சாதனம் வேலை செய்யவில்லை. தண்ணீரில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் நேராக இரத்தத்துக்குப் போய்விட்டன. இதற்குக் கடினநீர் நோய் என்றே பெயர் வைத்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெஷினில் ஓடும் கரைசலில் லிட்டருக்கு 50 முதல் 60 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. இரத்தத்தில் கட்டுப்படாமல் திரியும் கால்சியமும் ஏறக்குறைய அந்த அளவுதான். நம் நாட்டுக் குடிநீர்த் தர விதிப்படி குடிதண்ணீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடங்களில் 200 வரைக்கும் அனுமதி உண்டு. குடிப்பதற்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த 75 அப்படியே மெஷினுக்குள் போனால் 60 என்பது 135 ஆகிவிடும். ஆகவேதான் டயாலிசிஸுக்குப் போகும் தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. எழுபத்தைந்து எங்கே, இரண்டு எங்கே! வீட்டில் நாம் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் சென்டரில் ஓடும் ஆர்.ஓ. தண்ணீரும் ஒன்றுதானே என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டாவது தொல்லை இன்னும் மோசம். 1970களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆல்ஃப்ரே என்ற மருத்துவர், சில வருடங்கள் டயாலிசிஸில் இருந்தவர்களுக்குப் பேச்சுக் குழறுவதைக் கவனித்தார். பிறகு கை கால் வெட்டி இழுக்கும், வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும். பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்துபோனார்கள். இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிக அதிகமாக இருந்ததை 1976இல் அவர் வெளியிட்டார். இங்கிலாந்தின் நியூகாசிலில் வேறு விதம்: எலும்பு மெழுகாகி, காரணமே இல்லாமல் முறிந்தது. அதுவும் தண்ணீரில் வந்த அலுமினியத்தின் வேலையாகத்தான் இருக்கும் என்று 1978இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள்.

தண்ணீருக்குள் அலுமினியம் எப்படி வந்தது? நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றிவிட்டு, தெளிந்ததும் இறுத்து எடுப்பார்களே, அந்தப் படிகாரம்தான். நகராட்சிகளும் ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க அதைத்தான் டன் கணக்கில் போடுகின்றன. அது அலுமினியத்தின் உப்பு. குடித்தால் குடலில் மிகச் சொற்பமே ஏறும், ஏறியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் இல்லாதவருக்கு, அதுவும் குடலைத் தாண்டி நேரே இரத்தத்தோடு கலந்தால், போக வழியே இல்லை.

ஒரு குழாய்க்காரனாக என்னை மிகவும் கலக்கியது கியூராசோ சம்பவம். வெனிசுவேலாவுக்கு எதிரே கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு அது. கடல்நீரை வடித்துத்தான் அங்கே குடிநீர். 1996 மே மாதம் அங்குள்ள டயாலிசிஸ் சென்டருக்குப் புதிதாக ஒரு குழாய் போட்டார்கள். துருப்பிடிக்காமல் இருக்க உட்பக்கம் சிமெண்ட் பூச்சு. எந்த இஞ்சினியரும் நல்ல வேலை என்றுதான் சொல்வார். நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் வடித்த நீர் பசித்த நீர். அதில் எந்த உப்பும் கிடையாது என்பதால் தொட்டதையெல்லாம் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். சிமெண்டிலிருந்த கால்சியத்தையும் அலுமினியத்தையும் அது கரைத்தது. அந்தத் தண்ணீரில் டயாலிசிஸ் செய்துகொண்ட 27 நோயாளிகளில் 10 பேர் மாண்டார்கள். குழாயில் ஓட்டை இல்லை, யாரும் கலப்படம் செய்யவில்லை. புதுக் குழாய், சுத்தமான தண்ணீர், அவ்வளவுதான்.

இதைப் படித்த மறுநாள் நான் சென்டரில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டேன். "ஆர்.ஓ. வாட்டர்தான் அங்கிள், கவலைப்படாதீங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர். மறுபடி கேட்டபோது மேனேஜர் ஊரில் இல்லை. மூன்றாம் முறை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். ரயில்வேக்காரனுக்கு எழுத்தில் கொடுப்பது கஷ்டமா என்ன? கடைசியில் கோட்டயத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன் பையன் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போய் நோட்டைக் காட்டினான். தினம் காலையில் ரெசின் உருளையிலிருந்து வரும் தண்ணீரின் கடினம், கரி வடிகட்டிக்குப் பின் குளோரின், மீட்டர் எண், எல்லாம் அவன் கையெழுத்தில் ஒரு நாள் விடாமல் இருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியின் அறிக்கையும் இருந்தது. அலுமினியம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்புக்குக் கீழே. தண்ணீர் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்தப் பையனுக்குத் தீபாவளிக்கு என் மனைவி முறுக்குச் சுற்றிக் கொடுத்தாள்.

தண்ணீர் ஒழுங்காக இருந்தும் அவளுக்கு இரவெல்லாம் அரிப்பு. முதுகைச் சீப்பால் சொறிந்து சொறிந்து புண். குதிகாலிலும் இடுப்பிலும் வலி. 2022இல் எடுத்த பரிசோதனையில் பாஸ்பரஸ் 7.4, இருக்க வேண்டியது 4.5க்குள். பி.டி.எச். என்ற பாராதைராய்டு ஹார்மோன் 1,100க்கு மேல். நல்ல உடம்பில் அது 65ஐத் தாண்டாது. அதன் பிறகே மெஷினை விட்டுவிட்டு, போன சிறுநீரகம் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று படிக்கப் புகுந்தேன்.

அது வெறும் வடிகட்டி என்று நினைத்திருந்தேன். பெரும்பாலோர் நினைப்பதும் அதுதான். உண்மையில் உடம்பின் சுண்ணாம்புக் கணக்கே அதன் பொறுப்பில் இருக்கிறது. நம் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பில். மிச்சம் இருக்கும் துளியில்தான் இதயத் துடிப்பும் தசைகளின் இயக்கமும் நடக்கின்றன. அந்தத் துளி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சூரிய வெளிச்சத்தில் தோலில் உண்டாகும் வைட்டமின் டி, கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைந்து, கடைசியாகச் சிறுநீரகத்தில்தான் வேலை செய்யும் வடிவத்தைப் பெறுகிறது. கடைசி முத்திரை குத்தும் ஆபீஸ் சிறுநீரகம் என்று 1970இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் கண்டுபிடித்தார்கள். முத்திரை இல்லாத கோப்பு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? தின்ற கால்சியம் குடலிலிருந்து ஏறாது. இன்னொரு பக்கம், சிறுநீரில் போக வேண்டிய பாஸ்பரஸ் தேங்கி நிற்கும்.

இதைக் கண்காணிக்கக் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. இவற்றை முதலில் பார்த்தவர் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன். 1849இல் இறந்த மிருகம் அது. மனிதருக்கும் உண்டு என்று 1880இல் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் எழுதினார். நம் ஊர் மிருகம் லண்டனுக்குப் போய் உயிரைவிட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம்!

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பிகள் பி.டி.எச்.ஐ விடுகின்றன. அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை இரத்தத்துக்குக் கொண்டுவருகிறது. அரை நாள் நெருக்கடிக்கு அது சரி. வருடக்கணக்கில் ஓயாமல் விட்டால்? நான்கு அரிசி மணிகளும் பட்டாணியாக வீங்கும், எலும்பு அரிக்கப்படும், அரிப்பு, வலி எல்லாம் வரும். ஒன்றைச் சரிக்கட்ட உடம்பு இன்னொன்றைப் பலி கொடுக்கிறது என்று நீல் பிரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1972இலேயே விளக்கியிருக்கிறார்.

டயாலிசிஸ்தான் செய்கிறோமே, பாஸ்பரஸ் அதில் போகாதா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். நாளொன்றுக்குச் சாப்பாட்டில் சுமார் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதில் 600 உடம்பில் ஏறுகிறது, வாரத்துக்கு 4,200. ஒரு டயாலிசிஸில் போவது ஏறக்குறைய 800, மூன்றுக்கு 2,400. மீதி 1,800 எங்கே போகும்? செலவைக் குறைக்க வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் செய்துகொள்கிறவர்கள் நம் நாட்டில் அதிகம். அவர்களுக்கு மீதி 2,600. அந்த மீதியைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றத்தான் மாத்திரை.

அந்த மாத்திரையின் வரலாறும் வேடிக்கையானது. முதலில் அலுமினியத்தில் கொடுத்தார்கள். பாஸ்பரஸை நன்றாகப் பிடித்தது. ஆனால் தண்ணீரில் வராமல் தடுத்த அலுமினியம் மாத்திரையில் வந்து சேர்ந்தது. 1980களில் அதை விட்டுவிட்டுக் கால்சியம் மாத்திரைக்கு மாறினார்கள். எலும்புக்கும் நல்லது, பாஸ்பரஸையும் பிடிக்கும், விலையும் மலிவு என்று எல்லாருக்கும் சந்தோஷம். 2000ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் டயாலிசிஸில் இருந்த 39 இளம் வயதினரின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இருபது முதல் முப்பது வயதுக்குள் இருந்த 16 பேரில் 14 பேருக்கு இதயத்தின் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு ஏறியிருந்தது. முப்பது வயதுக்குள்! சுண்ணாம்பு ஏறியவர்கள் தின்ற கால்சியம், ஏறாதவர்கள் தின்றதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பாய்லர் குழாயில் படிவதுதான் இங்கேயும் என்று நான் உடனே முடிவு கட்டினேன். மேலே படித்தபோது அந்த உவமை நிற்கவில்லை. பாய்லரில் இரும்பு சும்மா இருக்கும், சுண்ணாம்பு அதன்மேல் வந்து உட்காரும். இரத்தக் குழாயோ உயிருள்ளது. பாஸ்பரஸ் அதிகமானால் குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்களே குணம் மாறி, எலும்பு கட்டும் செல்களைப் போல நடக்க ஆரம்பிக்கின்றன என்று அதே 2000இல் சியாட்டிலில் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதாவது குழாய் தானே தனக்குள் எலும்பு கட்டிக்கொள்கிறது. எலும்பில் இருக்க வேண்டியது அங்கே கரைந்து, இருக்கக் கூடாத இடத்தில் எலும்பாகிறது. இதற்கு வாஷ் அவுட் கிடையாது. எலும்பு, இரத்தக் குழாய், ஹார்மோன் எல்லாம் சேர்ந்த ஒரே நோய் இது என்று மருத்துவ உலகம் ஒத்துக்கொண்டு ஒரே பெயர் வைத்தது 2006இல்தான்.

இப்போது கால்சியமும் அலுமினியமும் இல்லாத மாத்திரைகள் வந்திருக்கின்றன. செவலமர் என்ற ஒன்று 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது என்ன என்று பார்த்தால், குடலில் பாஸ்பரஸைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு ரெசின்! டீசல் ஷெட்டில் உருளைக்குள் இருந்த சாதியைச் சேர்ந்தது. விலைதான் கையைக் கடிக்கிறது. பாராதைராய்டு சுரப்பியை ஏமாற்றி அடக்கும் சினகால்செட் 2004இல் வந்தது. அது பி.டி.எச்.ஐ இறக்குகிறது, ஆனால் 3,883 நோயாளிகளை வைத்துச் செய்து 2012இல் வெளியான பெரிய ஆய்வில், உயிரிழப்பையும் மாரடைப்பையும் குறைக்கிறது என்று உறுதிப்படவில்லை. எதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை செய்து சுரப்பிகளை எடுக்கிறார்கள். பி.டி.எச்.ஐ ஒரேயடியாக அடக்கிவிடுவதும் தப்பாம். எலும்பு செத்ததுபோல் கிடக்கும். டயாலிசிஸ்காரர்களுக்கு அது சாதாரண அளவைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்குக்குள் இருக்கலாம் என்கிறார்கள். அதாவது ஏறக்குறைய 130 முதல் 600.

என் மனைவி விஷயத்தில் டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். சீட்டில் 1-1-1 என்று போட்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் கவரில் மூன்று கோடு கிழித்துக் கொடுத்திருந்தார். அவள் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, சீரியல் பார்த்து முடித்தபின் எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஒரே வாயாகப் போடுவாள். அது பாஸ்பரஸைப் பிடிக்க வேண்டியது சாப்பாட்டில் இருக்கும்போதே; சாப்பாடு போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், வண்டி போனபின் பிளாட்பாரத்துக்கு வந்த பயணி மாதிரிதான். இப்போது சாதத்தின் நடுவில் போட்டுக்கொள்கிறாள்.

சாப்பாட்டிலும் சில மாற்றங்கள். உறவினர்கள் பேச்சைக் கேட்டுப் பருப்பையே அடியோடு நிறுத்தியிருந்தாள். டாக்டர் அதை ஒப்பவில்லை. டயாலிசிஸில் புரதம் போகிறது, புரதம் வேண்டும். பருப்பில் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் உடம்பில் ஏறுவதில்லை, அளவாகச் சாம்பார் சாப்பிடலாம் என்றார். தொழிற்சாலையில் செய்யும்போது சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள்தான் ஏறக்குறைய முழுவதும் ஏறிவிடுகின்றன. கோலா பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, பதப்படுத்திய சீஸ். நாம் இருப்பதோ அகமதாபாத்! தோசையிலிருந்து பாவ் பாஜி வரை எல்லாவற்றிலும் சீஸைத் துருவிக் கொட்டும் ஊர். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் தின்றுகொண்டிருந்தாள். அதை நிறுத்தியாயிற்று. காப்பி இரண்டு ஒன்றானது. அந்தச் சண்டையை இங்கே விவரிக்கவில்லை. "எலும்புக்கு நல்லது" என்று சென்னையிலிருந்து மைத்துனி அனுப்பிய கால்சியம் டானிக் இரண்டு பாட்டில்கள் திறக்காமல் அலமாரியில் இருக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் கால்சியமோ வைட்டமின் டியோ இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது.

எட்டு மாதங்களில் பாஸ்பரஸ் 5.2க்கு வந்தது. பி.டி.எச். 600ஐ ஒட்டி நிற்கிறது. அரிப்பு பெருமளவு போய்விட்டது, இரவில் தூங்குகிறாள். குதிகால் வலி இருக்கிறது. எக்கோ எடுத்தபோது இதய வால்வு ஒன்றில் சுண்ணாம்பு தெரிந்தது. அது திரும்பப் போகாது, இனி ஏறாமல் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். இதை அவளிடம் சொல்லலாமா கூடாதா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். அவள் ரிப்போர்ட்டைத் தானே படித்துவிட்டிருந்தாள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2023 ஆவணியில் கும்பகோணத்தில் என் தங்கை மகன் கல்யாணம். நவஜீவனில் ஒன்றரை நாள், பிறகு சென்னையிலிருந்து இன்னொரு வண்டி. கிளம்பும் அன்று காலை இங்கே டயாலிசிஸ், போய்ச் சேர்ந்த மறுநாள் அங்கே ஒரு சென்டரில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். படுக்கையில் படுக்க வைத்ததும் அங்கிருந்த நர்ஸ் பெண், "ஐயா, அம்மாவுக்கு எந்த கால்சியம் போடுறாங்க?" என்று கேட்டது. கரைசல் டின்களில் 2.5, 3.0, 3.5 என்று மூன்று வகை உண்டு. லிட்டருக்கு 50, 60, 70 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வால்வில் சுண்ணாம்பு தெரிந்த பிறகு எங்கள் டாக்டர் இவளுக்கு 2.5 என்று மாற்றியிருந்தார். அந்த சென்டரில் வழக்கமாக எல்லாருக்கும் ஓடுவது 3.5. கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தேன்: கரைசலின் கால்சியம், டயாலிசிஸுக்குப் பின் இருக்க வேண்டிய எடை, ஹெபாரின் அளவு, கடைசியாக எடுத்த கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். எண்கள். அதை நீட்டியதும் அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் 2.5 டின் ஒன்றைத் தேடி எடுத்து வந்தது.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் பாயசத்தை இரண்டு ஸ்பூன் ருசி பார்த்துவிட்டு என் இலைக்குத் தள்ளினாள். சாம்பார் சாதத்துக்கு நடுவில் மாத்திரை போட்டுக்கொள்ளத் தவறவில்லை.